வாயில் மூலையில் விரிசல் ஏன்?

தடுப்புச் சுவர் ஒன்றைக் கூர்ந்து பாருங்கள். பத்தடி நீளத்திற்கு ஒரு கீறலும் இராது. ஆனால் கதவு நிலையின் மேல் மூலையில் மட்டும் மயிரிழை போன்ற ஒரு கோடு தொடங்கி, மேல்நோக்கி ஏறும். பட்டி பார்த்து வண்ணம் பூசி மறைப்பார்கள். அடுத்த கோடையில் அதே இடத்தில் அது மீண்டும் தோன்றும். "வேலை செய்தவன் கை சரியில்லை" என்று ஒருவர் கூறுவார். "மாணவர்கள் கதவை அறைந்து சாத்துகிறார்கள்" என்று மற்றொருவர் கூறுவார். இவ்விரு கூற்றும் முழு உண்மை ஆகா. உண்மைக் காரணத்தைச் சிறிது ஆராய்வோம்.

நம் விடுதிகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் இன்று பெரிய அறைகளைப் பிரிக்கப் பயன்படுவது ஜிப்சம் பலகை. நிலக்கடலைக்கு நம் உழவர்கள் இடுகிறார்களே, அதே ஜிப்சந்தான். அதைச் சுட்டுப் பொடித்து, நீர் சேர்த்து, இரண்டு தடித்த காகிதங்களுக்கு இடையே உறையவிட்டால் பலகையாகிறது. 1894-இல் அமெரிக்கரான அகஸ்டின் சாக்கெட் காப்புரிமை பெற்ற பலகையிலிருந்து வளர்ந்தது இது. உள்ளிருக்கும் ஜிப்சம் அழுத்தத்தைத் தாங்கும். இழுவிசையை மிகுதியாகத் தாங்காது. இழுவிசையைத் தாங்குவது மேலுள்ள காகிதமே. ஆகவே இரண்டு பலகைகள் சந்திக்கும் இணைப்பில், காகிதம் அறுந்துபோவதால், சுவர் இயல்பாகவே வலிமை குன்றியிருக்கும்.

இனி வாயிலின் மூலைக்கு வருவோம். ஜிப்பாவின் பக்கத் திறப்பு எங்கே கிழியத் தொடங்கும்? திறப்பு முடியும் உச்சியில்தான். அதனாலன்றோ தையற்காரர் அவ்விடத்தில் நாலு தையல் கூடுதலாகப் போடுகிறார்! ஒரு தகட்டில் துளை இருந்தால், விசை அத்துளையைச் சுற்றி வளைந்து செல்ல வேண்டும்; வளைவின் ஓரத்தில் அது நெருங்கித் திரளும். 1913-இல் சார்லஸ் இங்கிலிஸ் என்ற ஆங்கிலேயப் பொறியியல் அறிஞர் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். வட்டத் துளையின் ஓரத்தில் விசைச் செறிவு மூன்று மடங்காகிறது. அகலத்தைப் போல் பத்து மடங்கு நீளமுள்ள நீள்வட்டத் துளையை அதன் நீளத்திற்குக் குறுக்காக இழுத்தால், முனையில் இருபத்தொரு மடங்காகிறது. முனை கூர்மையாகக் கூர்மையாகச் செறிவு ஏறிக்கொண்டே போகும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா கட்டிய லிபர்ட்டி சரக்குக் கப்பல்கள் சிலவற்றில், சரக்கறை வாயில்களின் சதுர மூலைகளில் விரிசல் தோன்றியது. அம்மூலைகளை வளைவாக்கியது அதற்குச் செய்த திருத்தங்களில் ஒன்று. எஃகுக்கே இந்நிலை என்றால் ஜிப்சம் எம்மாத்திரம்?

விசை எங்கிருந்து வருகிறது? சுவர் சும்மா நிற்பதில்லை. 3 மீட்டர் நீளமுள்ள எஃகுச் சட்டம் 20 பாகை வெப்பம் ஏறினால் ஏறக்குறைய 0.7 மி.மீ. நீளும். மரச்சட்டமாயின் மழைக்காலத்தில் ஊதும், கோடையில் சுருங்கும். மேல்தளம் சுமையால் சிறிது தாழும். கதவு சாத்தும் அதிர்ச்சியும் சேரும். வாயிலின் இருபுறமும் சுவர் தரை முதல் மேல்தளம் வரை நிற்கிறது. வாயிலுக்கு மேலோ மூன்றடிச் சுவரே உண்டு. இருபுறச் சுவர்களும் சிறிது அசைந்தால், அந்தச் சிறு துண்டே அத்தனையையும் தாங்க வேண்டும்.

இப்போது விடை எளிது. வலிமை குன்றிய இணைப்பை, விசை திரளும் மூலையில் வைத்தால் விரிசல் வாராமல் என்ன செய்யும்? ஆகவே தடுக்கும் முறைகள் இவை:

1. நிலையின் ஓரத்திற்கு நேராகப் பலகைகளை இணைக்கலாகாது. முழுப் பலகையில் மூலையை வெட்டியெடுத்து, அது வாயிலின் பக்கத்தையும் மேற்பகுதியையும் ஒருசேர மூடுமாறு பொருத்த வேண்டும். இணைப்பு வாயிலுக்கு மேலே நடுவில் விழட்டும். குறைந்தது மூலையிலிருந்து ஒரு சாணாவது தள்ளியிருக்கட்டும். இணைப்பு விழும் இடத்தில் திருகாணி பிடிக்க ஒரு சட்டமும் வேண்டும்.

2. மூலையை வெட்டும்போது இரம்பம் கோட்டைத் தாண்டி ஓடலாகாது. அந்தச் சிறு வெட்டே விரிசலின் வித்து. முதலில் மூலையில் ஒரு வட்டத் துளையிட்டு, அதுவரை அறுப்பது நன்று.

3. நிலையின் இருபுறச் சட்டங்களும் தரை முதல் மேல்தளம் வரை ஒரே துண்டாக, இரட்டையாக நிற்க வேண்டும். கதவின் எடையும் அதிர்ச்சியும் அவற்றைச் சேர வேண்டும், பலகையைச் சேரலாகாது.

4. பலகையை மேல்தளத்தோடு முட்ட வைக்காமல் சிறிது இடைவெளி விட்டு, நெகிழும் பூச்சால் அடைக்க வேண்டும்.

5. இணைப்பில் வெறும் பட்டி போதாது. அறுந்த காகிதத்திற்கு ஈடாகக் காகித நாடாவைப் பூச்சில் பதிக்க வேண்டும். ஒரு பூச்சு நன்கு காய்ந்தபின்பே அடுத்த பூச்சு.

முன்பே விரிசல் கண்ட இடத்தில், பழைய பட்டியைச் சுரண்டியெடுத்து, தளர்ந்த திருகாணிகளை இறுக்கி, நாடா பதித்துப் பூச வேண்டும். அதற்குப் பின்னும் திறந்தால், அப்பகுதியின் பலகையையே மாற்றுவது ஒன்றே வழி.

இதில் ஒரு நீதியும் அடங்கியுள்ளது. நான் பணியாற்றும் ஆய்வுக்கூடத்தில் இவ்வாறு விரிசல் கண்டபோது, பட்டி பார்த்த தொழிலாளியின் கூலியில் ஒப்பந்தக்காரர் பிடித்தம் செய்தார். வாயிலுக்கு மேல் இருந்தவையோ, பலகையை மிச்சப்படுத்தச் செருகிய வெட்டுத் துண்டுகள். இணைப்பு நிலையின் ஓரத்திலேயே விழுந்திருந்தது. துண்டுகளைச் செருகச் சொன்னவர் வேறு. தண்டனை பெற்றவர் வேறு. அரைப் பலகையின் விலையை மிச்சம் பிடித்து, ஆண்டுதோறும் பூச்சுக்குச் செலவிடுவது சிக்கனமாகுமா?

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். செங்கற் சுவரிலும் வாயில் மூலையில் விரிசல் காணலாம். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் குறியிட்டுத் தேதி எழுதி வையுங்கள். அது குறியைத் தாண்டி வளர்ந்தாலும், அகன்றாலும், கதவு நிலையில் இறுகினாலும் கட்டடப் பொறியாளரை அழையுங்கள். அது அடித்தளத்தின் குறையாக இருக்கலாம்.

அடுத்த முறை ஒரு கீறலைக் கண்டால், யார் செய்தது என்று கேட்குமுன், எங்கே தொடங்கியது என்று பாருங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.