கான்டெஸா வாங்கப் போகிறீர்களா? முதலில் கார்ப்பெட்டைத் தூக்குங்கள்

பழைய கார் பித்துப் பிடித்தவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒன்று, கண்காட்சியில் நிறுத்தி அழகு பார்க்கும் வின்டேஜ் கட்சி. இன்னொன்று, எண்பதுகளில் நம் வீட்டு வாசலில் நிற்காதா என்று ஏங்கிப் பார்த்த பெரிய வண்டியை இன்றைக்கு வாங்கி ஓட்டும் கட்சி. நான் இரண்டாவது. கோவையில் என் வீட்டு போர்டிகோவில் நிற்பது ஹிந்துஸ்தான் கான்டெஸா கிளாசிக், 1.8 லிட்டர் பெட்ரோல். ஐந்து பேர் சட்டை கசங்காமல் உட்காரலாம். கல்யாணத்துக்குக் கொண்டுபோகும் சாமான் மொத்தமும் டிக்கியில் அடங்கிவிடும்.

என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்கள் பானெட்டைத் திறந்துதான் பேச ஆரம்பிக்கிறார்கள். நான் அதை மூடிவிட்டு, கார்ப்பெட்டைத் தூக்கச் சொல்வேன். காரணம் இந்த வண்டியின் பூர்வீகத்தில் இருக்கிறது.

கான்டெஸாவின் உடம்பு 1972-இல் இங்கிலாந்தில் வந்த வாக்ஸால் விக்டர் காருடையது. அங்கே உற்பத்தி நின்ற பிறகு, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அச்சுகளை வாங்கி வந்து 1984-இல் இங்கே இறக்கியது. உள்ளே மாட்டியது அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சினை. சுமார் 50 குதிரைத்திறன். அவ்வளவு பெரிய உடம்பை அது இழுக்கத் திணறியது. ஜப்பானின் இசுஸு எஞ்சின், 1817 சி.சி.யும் ஐந்து கியருமாக வந்த பிறகுதான் வண்டிக்கு உயிர் வந்தது. அதே எஞ்சின் தொண்ணூறுகளில் அம்பாசடருக்கும் போனது. கான்டெஸா 2002-இல் நின்றுபோனாலும் அம்பாசடர் 2014 வரை ஓடியது. அதனால் பிஸ்டன் ரிங், கிளட்ச் பிளேட், வாட்டர் பம்ப் மாதிரி எஞ்சின் சாமான்களைச் சென்னை ஜி.பி. ரோட்டில் கேட்டால் இன்னமும் எடுத்துத் தருவார்கள். கதவுக் கண்ணாடி, டெயில் லேம்ப், ரப்பர் பீடிங், டேஷ்போர்டு இவை கான்டெஸாவுக்கு மட்டுமே உரியவை. புதுப்பேட்டையில் அலைய வேண்டும், இல்லையென்றால் கொல்கத்தா மல்லிக் பஜாரில் ஆள் பிடிக்க வேண்டும். எஞ்சின் செத்திருந்தாலும் உடம்பும் சாமானும் முழுசாக இருக்கிற வண்டியை வாங்குங்கள். விலை குறைவு என்று குறை வண்டியை வாங்கினால், மிச்சம் பிடித்த பணம் ஒரு ஜோடி டெயில் லேம்ப் தேடுவதிலேயே கரைந்துவிடும்.

துருவைத் தேடுங்கள்

டிரைவர் காலடி கார்ப்பெட், டிக்கியில் ஸ்டெப்னிக்குக் கீழே, பேட்டரி உட்காரும் தட்டு, முன் கண்ணாடியின் கீழ் விளிம்பு. முதலில் இந்த நான்கும். பிறகு சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் அடிப்பாகத்திலும் சக்கர வளைவுகளிலும் வைத்துப் பாருங்கள். பிடிக்காமல் வழுக்கினால் அங்கே தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது.

கதவுக்கு அடியில் விளிம்போரம் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைத்தண்ணீர் வடிய வைத்தவை. பெயின்ட் அடிக்கும்போது பலர் இதை அடைத்துவிடுவார்கள். ஒரு விளக்குமாற்றுக் குச்சியை விட்டுக் குத்திப் பாருங்கள். செம்மண்ணும் துருத்தூளும் குழைந்து கொட்டினால், கதவு உள்ளிருந்து அரிக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வாங்கிய பிறகும் மழைக்காலத்துக்கு முன்னால் இந்தக் குச்சி வேலையை விடாதீர்கள்.

டிங்கரிங் வேலைக்கு விடும்போது ஒரே நிபந்தனை: துருவின் மேலேயே தகட்டை வைத்து வெல்டு அடிக்கக் கூடாது. நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்து, புதுத் துண்டை விளிம்போடு விளிம்பு சேர்க்க வேண்டும். பட்டி ஏறுவதற்கு முன் வெறும் தகட்டை நேரில் போய்ப் பார்த்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய கிளிப், ஸ்க்ரூக்களைத் தனித்தனி கவரில் போட்டுப் பெயர் எழுதிவையுங்கள்.

ஓடும் பாகங்கள்

எஞ்சினைத் தட்டி எழுப்புவதற்கு முன் பிரேக்கைக் கவனியுங்கள். நாள்கணக்கில் நின்ற வண்டியில் வீல் சிலிண்டர் இறுகியிருக்கும், ஹோஸ் வெடித்திருக்கும். டயரில் பட்டன் தேயவில்லையே என்று ஏமாற வேண்டாம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2312 என்றால் 2012-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். அதை நம்பி ஹைவேயில் ஏறக்கூடாது.

அடுத்தது சூடு. எங்கள் மெக்கானிக் கெட்டிக்காரர். ஆனாலும், "தெர்மோஸ்டாட் எதுக்குங்க சார், நம்மூரு வெயிலுக்குக் கழட்டி வீசிட்டு ஓட்டுங்க" என்றுதான் ஆரம்பித்தார். நிறைய பட்டறைகளில் இதுதான் வழக்கம். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் எஞ்சின் தேவையான சூட்டுக்கு வரவே நேரமாகும். பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். வண்டி சூடேறினால் தப்பு பெரும்பாலும் அடைத்துப்போன ரேடியேட்டரில் இருக்கும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, குழாய்த் தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஊற்றினோம். மே மாத வெயிலில் பாலக்காடு வரை போய்வந்தும் முள் நடுவிலேயே நின்றது. அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ், கார்புரேட்டர் கேஸ்கெட் எல்லாம் இதற்கு ஊறிப்போகும், வெடிக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுப்பதால் டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸாக மொத்தத்தையும் மாற்றிவிடுங்கள். காலையில் பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடித்தால் சாவியைத் தொடாதீர்கள்.

காகிதம்

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின், சேஸிஸ் எண்களை வண்டியில் இருப்பதோடு ஒத்துப்பாருங்கள். எஞ்சின் மாற்றியிருந்தாலோ நிறம் மாற்றியிருந்தாலோ அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். 15 ஆண்டு கடந்த சொந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு. இன்ஷூரன்ஸ் போடும்போது, ஐந்து ஆண்டு தாண்டிய வண்டியின் மதிப்பைக் கம்பெனியும் நாமும் பேசித்தான் முடிவுசெய்கிறோம். தகட்டு வேலை போட்டோவும் பில்களும் அங்கே கைகொடுக்கும்.

"வின்டேஜ் ஆகட்டும், விலை ஏறும்" என்று வாங்கிப் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி வின்டேஜ் பதிவுக்கு 50 வயது ஆக வேண்டும். முதல் கான்டெஸாவுக்கே அது 2034-இல்தான். அந்தப் பதிவு பெற்ற வண்டியைக் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். தினசரி ஓட்ட அனுமதி இல்லை. இஷ்டப்படி குடும்பத்தோடு ஓட்ட இதுதான் காலம். வாரத்துக்கு ஒருமுறையாவது எஞ்சின் சூடேறும்வரை ஓட்ட உங்களுக்கு நேரம் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். இல்லையென்றால், ஓட்டுகிற ஒருவருக்கு அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.