ஒரே ஏரி, பல வேகம்

கோலாலம்பூருக்குத் தெற்கே, புத்ராஜெயா நகரின் நடுவே, ஏறத்தாழ 400 ஹெக்டர் பரப்பில் விரிந்திருக்கிறது புத்ராஜெயா ஏரி. இஃது இயற்கையாக உருவான ஏரி அன்று. சுவாவ், பீசா ஆகிய ஆறுகளின் பள்ளத்தாக்குகளில் நீரைத் தேக்கி உருவாக்கப்பட்டது. ஏரியின் வடபகுதியில் அமைக்கப்பட்ட சதுப்புநிலத்தின் தாவரங்கள், ஓடிவரும் நீரிலுள்ள மாசுகளை வடிகட்டிய பிறகே நீர் ஏரியை அடைகிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் பலர் ஓய்வு நாளைக் கழிக்க இங்கு வருகின்றனர். சுற்றுலாப் படகில் அமர்ந்து பாலங்களை இரசிப்போர் ஒருபுறம். கயாக் படகில் தனியே துடுப்பு வலிப்போர் மறுபுறம். அனைத்துலக டிராகன் படகுப் போட்டிகளும் இங்கு நடைபெற்றுள்ளன. 2017ஆம் ஆண்டு சீ விளையாட்டுப் போட்டியில் நீர்ச்சறுக்குப் போட்டியும் இங்குதான் நடந்தது. நீர்ச்சறுக்கு வீரரை இழுத்துச் செல்வது விசைப்படகு. அதன் வேகமும் கயாக்கின் வேகமும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு போன்றவை. இத்தனை பேரும் ஒரே நீர்ப்பரப்பைப் பகிர்ந்துகொள்வது எப்படி? பொழுதுபோக்கு ஏரிகள் உள்ள நாடுகள் பலவற்றில் இக்கேள்வி எழுந்துள்ளது.

வேகம் ஏன் சிக்கலாகிறது?

நகரும் பொருளின் இயக்க ஆற்றல் அதன் வேகத்தின் இருமடிக்கேற்ப உயரும். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் படகு 54 கிலோமீட்டர் வேகத்தை எட்டினால், வேகம் மூன்று மடங்காகிறது. மோதும் ஆற்றலோ ஒன்பது மடங்காகிறது. சாலையில் இருப்பதுபோல் படகில் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக்கும் இல்லை. எதிரே நீந்துபவரின் தலை மட்டுமே நீருக்கு மேல் தெரியும். ஓட்டுநர் அதைக் கண்டு விலகுவதற்குக் கிடைக்கும் நேரம் சில விநாடிகளே.

படகு எழுப்பும் அலையும் கவனிக்கத்தக்கது. அலை கரையை மோதி மண்ணை அரிக்கும். சிறு படகுகளைத் தடுமாறச் செய்யும். ஆழம் குறைந்த இடங்களில் சுழலும் விசிறி அடிமண்ணைக் கலக்கி நீரைக் கலங்கலாக்கும். ஆனால், வேகம் கூடினால் அலையும் கூடும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. விசைப்படகு நீர்மட்டத்தின் மேல் எழும்பிச் சறுக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்னர்தான் பெரிய அலையை எழுப்புகிறது. அதைவிட வேகமாகச் செல்லும்போது அலை சிறிதாவதும் உண்டு. ஆகவே, வேக வரம்பை எந்த அளவில் நிர்ணயிப்பது என்பது அறிவியல் அடிப்படையில் ஆராயப்பட வேண்டிய ஒன்றாகும். ஆழமறியாமல் காலை விடக்கூடாது என்பது இதற்கும் பொருந்தும்.

விண்டர்மியர் ஏரி தரும் பாடம்

இந்த விவாதம் மிக நீண்ட காலம் நடைபெற்ற இடங்களுள் ஒன்று விண்டர்மியர் ஏரி. ஏறத்தாழ 17 கிலோமீட்டர் நீளமுள்ள இதுவே இங்கிலாந்தின் மிகப் பெரிய இயற்கை ஏரி. லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் இது அமைந்துள்ளது. வேகத்திற்கும் இந்த ஏரிக்கும் பழைய தொடர்பு உண்டு. 1930ஆம் ஆண்டில் ஹென்றி சீகிரேவ் என்பவர் இங்குதான் நீரில் உலக வேகச் சாதனை படைத்தார். அன்றே அவரது படகு கவிழ்ந்து, அவர் உயிரிழந்தார்.

பிற்காலத்தில் விசைப்படகுகளும் நீர்ச்சறுக்கும் இங்குப் பெருகின. அண்டையிலுள்ள பெரிய ஏரிகளில் வேக வரம்பு விதிக்கப்பட்டதும், வேகத்தை விரும்பியோர் விண்டர்மியரை நாடினர். ஓரிடத்தில் விதித்த தடை மற்றோர் இடத்தில் நெரிசலாக மாறியது. எனவே, இங்கும் மணிக்குப் பத்துக் கடல் மைல், அதாவது ஏறத்தாழ 18 கிலோமீட்டர் என வரம்பு விதிக்கப் பூங்கா நிர்வாகம் முன்மொழிந்தது. 1990களில் இது குறித்துப் பொது விசாரணை நடைபெற்றது.

வரம்பை ஆதரித்தோர் பாதுகாப்பையும் அமைதியையும் முன்வைத்தனர். தேசியப் பூங்காவுக்கு வருபவர் மலையையும் நீரையும் அமைதியாக அனுபவிக்க வருகிறார். சில படகுகளின் இரைச்சல் ஏரி முழுவதும் ஒலிக்கும்போது மற்றவர் அனைவரும் அதைச் சகித்துக்கொள்ள வேண்டியுள்ளது என்றனர்.

எதிர்த்தோரின் வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. நீர்ச்சறுக்குப் போட்டியின் உயர்நிலையில், ஆண்களுக்கான படகு மணிக்கு 58 கிலோமீட்டரிலும் பெண்களுக்கான படகு 55 கிலோமீட்டரிலும் செல்லும். அப்படியிருக்க, 18 கிலோமீட்டர் என்பது வேகத்தைக் குறைப்பதன்று. ஒரு விளையாட்டையே அந்த ஏரியிலிருந்து அகற்றுவதாகும். படகுத் தொழிலை நம்பியிருந்தோர் தங்கள் வருமானம் குறித்துக் கவலை கொண்டனர். ஏரியை முறையாக நிர்வகித்தால் எல்லாருக்கும் இடமளிக்கலாம் என்பதே அவர்களின் நிலைப்பாடு.

அரசாங்கம் முதலில் வரம்பை ஏற்கவில்லை. பின்னர், 2000ஆம் ஆண்டில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. எனினும், விதி உடனே நடைமுறைக்கு வரவில்லை. படகு உரிமையாளர்களும் தொழில் நடத்துவோரும் மாற்றத்திற்கு ஆயத்தமாக ஐந்தாண்டு அவகாசம் வழங்கப்பட்டது. 29 மார்ச் 2005இல்தான் வரம்பு நடப்புக்கு வந்தது. அருகிலுள்ள கோனிஸ்டன் ஏரியிலோ மற்றொரு வழி பின்பற்றப்படுகிறது. அங்கும் வேக வரம்பு உண்டு. ஆனால், வேகச் சாதனை முயற்சிகளுக்காக ஒரு வாரம் மட்டும் விலக்கு அளிக்கப்படுகிறது.

நம் நாட்டு அனுபவம்

சிலாங்கூர் மாநிலத்தின் கம்போங் குவாந்தானில் இரவில் மின்மினிகளைக் காணச் செல்வோர் துடுப்புப் படகிலேயே அழைத்துச் செல்லப்படுகின்றனர். மின்மினிகள் கூடும் பெரெம்பாங் மரங்கள் ஆற்றோரத்தில் வளர்பவை. விசைப்படகின் அலையும் இரைச்சலும் அங்கில்லை. காண வந்த காட்சியையே பயணம் கெடுத்துவிடக் கூடாதல்லவா? வேகத்தைத் துறந்ததால் அங்குப் படகோட்டிகளின் பிழைப்பு கெடவில்லை. மெதுவான பயணமே அவர்களின் தொழிலாகிவிட்டது. எனினும், ஆற்றுக்குப் பொருந்தும் தீர்வு விளையாட்டுப் போட்டிகள் நடைபெறும் ஏரிக்கு அப்படியே பொருந்தும் என்று கூற முடியாது.

ஏரியை மண்டலங்களாகப் பிரிக்கலாம். வேகப் படகுகளுக்குக் குறிப்பிட்ட நேரம் ஒதுக்கலாம். அல்லது எல்லாருக்கும் ஒரே வரம்பு விதிக்கலாம். மண்டலம் பிரித்தால் மிதவைக் குறியீடுகளும் கண்காணிப்பும் தேவைப்படும். நேரம் ஒதுக்கினால் வார இறுதியில் மட்டுமே ஓய்வு கிடைக்கும் குடும்பங்கள் பாதிக்கப்படலாம். ஒரே வரம்பைக் கடைப்பிடிப்பது எளிது; ஆனால், அது ஒரு சாராரை முற்றாக விலக்கக்கூடும். எந்த வழியைத் தேர்ந்தாலும் யாரோ ஒருவர் எதையோ விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். அவர் யார், எதை இழக்கிறார் என்பதை அறிந்து, அவரது குரலையும் கேட்டு, மாறிக்கொள்ள அவகாசமும் அளித்த பிறகு எடுக்கப்படும் முடிவே நியாயமானதாகும். பொது இடம் அனைவருக்கும் சொந்தம் என்பதன் பொருளும் அதுவே.

சொற்பொருள்
இருமடி – ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கி வருவது
மடு – பள்ளம்
அவகாசம் – ஒன்றைச் செய்யக் கொடுக்கப்படும் காலம்
விலக்கு – விதியிலிருந்து அளிக்கப்படும் விடுவிப்பு
சாரார் – ஒரு பிரிவினர்

கருத்துணர் கேள்விகள்
1. வேக வரம்பை அறிவியல் அடிப்படையில் ஆராய வேண்டும் என்று கூறப்படுவது ஏன்?
2. அண்டை ஏரிகளில் விதிக்கப்பட்ட வரம்பு விண்டர்மியர் ஏரியை எவ்வாறு பாதித்தது?
3. 18 கிலோமீட்டர் வரம்பு ‘ஒரு விளையாட்டையே அகற்றுவதாகும்’ என்பதற்கான காரணத்தை விளக்குக.
4. ஐந்தாண்டு அவகாசம் வழங்கப்பட்டது சரியென நீ கருதுகிறாயா? காரணம் கூறுக.
5. ‘பொழுதுபோக்கு ஏரிகளில் எல்லாப் படகுகளுக்கும் ஒரே வேக வரம்பு தேவை’ எனும் தலைப்பில் ஆதரித்தோ எதிர்த்தோ குழுவில் விவாதித்திடுக. எதிரணியின் வலுவான கருத்து ஒன்றையும் குறிப்பிடுக.