பச்சிளங் குழந்தையைக் காத்த கிராமப் பெண்கள்

பிறந்த குழந்தையின் இரத்தத்தில் நோய்க்கிருமி பரவுமாயின், எப்பொழுதும் காய்ச்சல் காண்பதில்லை. உரக்க அழுத குழந்தையின் குரல் மெலியும். பால் குடிப்பது நிற்கும். உடல் சில்லிட்டுத் துவளும். இக்குறிகளைக் கண்டறிந்து மருந்தளிக்க மருத்துவரால் மட்டுமே இயலும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது.

மகாராஷ்டிர மாநிலத்தின் காடடர்ந்த கட்சிரோலி மாவட்டத்தில், டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதியர் இக்கருத்தைச் சோதித்துப் பார்த்தனர். 39 கிராமங்களில் ஓரளவு படித்த பெண்களைத் தேர்ந்து பயிற்சியளித்தனர். 1995ஆம் ஆண்டு முதல் அப்பெண்கள் வீடுதோறும் சென்று குழந்தையை எடையிட்டனர். கதகதப்பாக வைத்திருக்கத் தாய்க்குக் கற்பித்தனர். நோய் கண்ட குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப் பெற்றோரிற் பலர் இசையவில்லை. அத்தகைய வீடுகளில், பெற்றோர் சம்மதத்துடன், அப்பெண்களே ஜென்டாமைசின் ஊசி போட்டனர்.

ஊசியைக் கிராமப் பெண்ணிடம் ஒப்படைக்கலாமா என்று வாசகர் ஐயுறுவது இயல்பே. பயிற்சியற்றவர் அதனைத் தொடவே கூடாது என்பதில் இரு கருத்தில்லை. இந்த ஐயத்தைத் தீர்க்கவே, இப்பணி நடைபெறாத வேறு 47 கிராமங்களின் பிறப்பும் இறப்பும் உடன் கணக்கெடுக்கப்பட்டன. மூன்றாம் ஆண்டில், அக்கிராமங்களில் உயிருடன் பிறந்த 1,000 குழந்தைகளுள் ஏறத்தாழ 60 முதல் மாதத்திலேயே இறந்தன. பயிற்சி பெற்ற பெண்கள் பணியாற்றிய ஊர்களிலோ அத்தொகை 26க்கும் குறைவு.

1999இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் இம்முடிவை வெளியிட்டது. 2011இல் இந்திய அரசு, ஆஷா பணியாளர் பிறந்த குழந்தையை 42 நாட்களுக்குள் பலமுறை வீட்டிற்கே சென்று பார்க்கும் திட்டத்தைத் தொடங்கியது.