பொதுப் பணமும் நிர்வாக சபையாரின் பொறுப்பும்



நம்மவர்களில் கடை வைத்திருப்போர் எவரும் இரவில் கல்லாவை எண்ணாமல் கதவைச் சாத்துவதில்லை. ஐந்து வெள்ளி குறைந்தாலும் பையனைக் கூப்பிட்டு விசாரிக்கிறோம். அதே நாம், சங்கத்தின் மகாசபைக் கூட்டத்தில் காரியதரிசி வரவு செலவை வாசிக்கும்போது, சாப்பாடு ஆறிவிடுமே என்று அவசரமாய்க் கை தூக்கி அங்கீகரித்துவிட்டு எழுந்து விடுகிறோம். இவ்வழக்கத்தைக் குறித்தே இப்பாடத்தை எழுதத் துணிந்தேன். யான் பெரிய படிப்பாளி அல்லேன். மதரஸாவோடும் ஆரம்பப் பள்ளியோடும் நின்றவன். பிழையிருப்பின் ஆலிம்கள் பொறுத்தருள்க.

நிர்வாக சபையார் சங்கத்துக்கு முதலாளிகள் அல்லர். பிறர் பொருளைக் காக்க ஒப்புக்கொண்டவர்கள். கைபரில் ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்களுக்கு நல்லதொரு நிலம் கிடைத்தது. அதை என்ன செய்வதென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, நிலத்தை நிறுத்திக்கொண்டு அதன் பலனைத் தர்மம் செய்யும் வழி காட்டப்பட்டது. அது விற்கப்படக் கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கப்படக் கூடாது, வாரிசுக்குப் போகக் கூடாது என்ற நிபந்தனையுடன் உமர் அவர்கள் அதை வக்ஃபு செய்தார்கள். நிலத்தைப் பார்த்துக்கொள்பவர் நியாயமான அளவு அதிலிருந்து உண்ணலாம், சொத்துச் சேர்க்கக் கூடாது என்பதும் அதில் அடங்கும். நிர்வாகம் என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சட்டத்தை யான் கண்டதில்லை.

ஜகாத் வசூலிக்கப் போய்த் திரும்பிய ஒருவர், "இது உங்களுக்கு, இது எனக்கு வந்த அன்பளிப்பு" என்று பிரித்து வைத்த வரலாறும் நாம் மதரஸாவில் கேட்டதே. தன் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். சங்கத்துக் கடையைக் கமிட்டி மெம்பரின் மைத்துனருக்கே குறைந்த வாடகைக்கு விடுவோர் இதைச் சற்று யோசிக்க வேண்டும். அப்படியொரு விண்ணப்பம் வந்தால், சம்பந்தப்பட்ட மெம்பர் அதை வாய்விட்டுச் சொல்லி, தீர்மானம் முடியும்வரை அறைக்கு வெளியே இருப்பதே முறை.

இனி பினாங்குக்கு வருவோம். 1801-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் கொடுத்த நிலத்தில், தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவரான காதிர் முகையதீன் அவர்களின் முயற்சியால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எழுந்தது. வக்ஃபு நிலத்தில் வீடுகள் பெருகின, வாடகையும் வந்தது. ஆனால் நூறு ஆண்டுகளுக்குள் நிர்வாகம் சீர்கெட்டுத் தகராறும் முற்றிற்று. 1905-ல் சர்க்கார் முகமதிய, இந்து அறக்கட்டளைகளுக்கென்று ஒரு சட்டம் இயற்றி, ஒரு போர்டை அமைத்தது. நம் முன்னோர் கட்டிய பள்ளிவாசலின் நிர்வாகம் ஆங்கிலேய உத்தியோகஸ்தர் அமர்ந்த போர்டின் கைக்குப் போயிற்று! வெட்கம் அத்தோடு முடியவில்லை. இன்று நாம் பார்த்துப் பெருமைப்படும் பள்ளியின் தோற்றம், அந்தப் போர்டு வந்த பிறகு 1910களில் நடந்த விஸ்தரிப்பில் பெரும்பாலும் உண்டானது. நிலமும் வருமானமும் முன்பும் இருந்தன. கேட்பாரும் சொல்வாருமே இல்லாமற் போயினர்.

இதைப் படித்துப் பினாங்குக்காரரை யாரும் ஏளனம் செய்ய வேண்டாம். என் சொந்தக் குற்றத்தையும் சொல்லி விடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் யான் ஒரு சங்கத்தில் கணக்குப் பரிசோதகனாக இருந்தேன். தனாதிகாரியை எல்லோரும் மாமு என்றே அழைப்போம். ஐந்து வேளையும் ஜமாஅத்தில் நிற்கும் மனிதர். ஜனாஸா நிதியைத் தம் கடைப் பெட்டியிலேயே ஓர் உறையில் வைத்திருந்தார். மாமுவிடம் போய் ரசீது கேட்பதா என்ற மரியாதையில், இரண்டு வருஷமும் ஏட்டைப் புரட்டாமலே கையொப்பமிட்டேன். ஒருநாள் சுபுஹுக்குப் பின் மாரடைப்பில் அன்னார் வஃபாத்தானார். எண்ணிப் பார்த்தால் இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் குறைவு. தேநீர்க் கடையில் பேச்சு எப்படிப் போயிருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. மாமி இத்தா இருந்த நாட்களிலேயே வளையலை விற்றுப் பணத்தைக் கொடுத்தனுப்பினார். சில மாதம் கழித்துக் கடை அலமாரியைக் காலி செய்தபோது ரசீதுகள் அகப்பட்டன. மூன்று மையித்துகளுக்கான செலவு, ஒரு விதவை ஊர் திரும்பிய டிக்கெட்டுச் செலவு, எல்லாம் இருந்தன. ஏட்டில் ஏற்றவில்லை, அவ்வளவே. பணத்தை மாமியிடம் திருப்பிக் கொடுத்தோம். அவர் எங்களில் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கணக்குக் கேட்டால் சந்தேகப்பட்டதாகாதா என்று கேட்கிறார்கள். யான் அன்று கேட்டிருந்தால் மாமுவின் பெயர் தப்பியிருக்கும். திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம் சூரத்துல் பகராவில் உள்ளது. அது கடனை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் சொல்லும் வசனம். அது ஈமான் கொண்டோரை அழைத்தே சொல்லப்பட்டது, திருடர்களை நோக்கி அல்ல.

நாட்டுச் சட்டமும் உண்டு. 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி பதிவான சங்கம், மகாசபை நடந்த 60 நாட்களுக்குள் ஆண்டறிக்கையையும் கணக்கையும் பதிவதிகாரிக்கு அனுப்ப வேண்டும். வக்ஃபுச் சொத்துக்கோ அந்தந்த மாநில இஸ்லாமிய சமய மன்றமே அறங்காவலர். ஆகவே நம் கமிட்டி எவ்வளவு பாடுபட்டுக் காத்தாலும் ஒரு வக்ஃபுக் கடையை விற்கும் உரிமை அதற்கில்லை.

நம் பத்து காஜாவிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள சங்கங்களில் பொறுப்பேற்றிருக்கும் சகோதரர்களிடம் ஒரு விண்ணப்பம். தனாதிகாரி கையில் சில்லறைச் செலவுக்குரிய தொகை மட்டும் இருக்கட்டும். மீதி சங்கத்தின் பெயரில் பேங்கில் இருக்கட்டும். காசோலையில் ஒருவர் கையெழுத்துப் போதாது. ஜகாத்தாக வந்தது, ஜனாஸாவுக்கென வந்தது, கட்டடத்துக்கென வந்தது ஆகியவை தனித்தனிப் பக்கத்தில் ஏற வேண்டும்; ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றை அடைப்பது கடையில் செய்யலாம், இங்கே கூடாது. கணக்குப் பரிசோதகராக யாரைத் தேர்ந்தாலும், ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை வரிசை எண்படி பேங்குப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நடுத்தரமான ஒரு சங்கத்துக்கு அஸருக்குப் பின் உட்கார்ந்தால் மஃரிபுக்குள் முடிந்துவிடும்.