கேமரன் மலையும் வல்லாரையும்

மூலிகை என்றதும் நம்மில் சிலர் அதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்குகின்றனர். வேறு சிலர் எல்லா நோய்க்கும் அதுவே மருந்து என்கின்றனர். இரண்டுமே சரியல்ல என்பதை வல்லாரையைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அம்மலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்களுள் என் பாட்டியும் ஒருவர். கவாத்து செய்த தேயிலைச் செடியின் குச்சி கையைக் கிழிக்கும். ஈரத்தில் அட்டை கடிக்கும். சிராய்ப்புக்கு மஞ்சள், ஆறிவரும் புண்ணுக்கு வல்லாரை என்பது பாட்டியின் கணக்கு. இதே வல்லாரையை மலாய்க்காரர்கள் ‘பெகாகா’ என்று அழைத்து, உலாமாக உண்கின்றனர்.

நம் தோலின் உள்ளடுக்கில் உள்ள நார் உயிரணுக்கள் கொலாஜன் என்னும் புரதத்தை உருவாக்குகின்றன. மூன்று இழைகள் கயிறுபோல் முறுக்கிய அமைப்பு அது. காயம் மூடுவதும் தோல் உறுதி பெறுவதும் இதனால்தான். அம்முறுக்கு நிலைத்திருக்க வைட்டமின் சி தேவை. அது குறைந்தால் ஸ்கர்வி நோய் உண்டாகி, காயங்கள் ஆறாமல் போகும்.

மடகாஸ்கர் தீவின் வல்லாரையிலிருந்து ஆசியாட்டிகோசைடு என்னும் வேதிப்பொருள் 1941இல் பிரித்தெடுக்கப்பட்டது. வல்லாரைச் சாரம் நார் உயிரணுக்களில் கொலாஜன் உற்பத்தியைத் தூண்டுவதாகப் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்டனர். ஆகவே, பாட்டியின் கணக்கில் உண்மை உண்டு.

ஆனால், ஆய்வுக்கூடத்தில் அளந்து சேர்த்த சாரம் வேறு. வேலியோரம் பறித்த இலை வேறு. இலையில் மண்ணும் கிருமியும் இருக்கும். தோட்டமென்றால் களைக்கொல்லியும் பட்டிருக்கலாம். எனவே, கழுவிய வல்லாரையைத் துவையலாக உண்ணலாம். திறந்த புண்ணில் அரைத்து அப்பக்கூடாது. மண்பட்ட காயத்திற்கு இரணஜன்னித் தடுப்பூசி தேவைப்படலாம். நீரிழிவு உள்ளவர்களின் காற்புண்ணை ஒரு நாளும் தள்ளிப்போடக்கூடாது. என் பாட்டிக்கு அத்தகைய புண் வந்தபோது, “இது இலைக்கு அடங்காது, ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்றார். மூலிகையின் எல்லையை அறிந்திருப்பதும் மூலிகை அறிவுதான்.

தோட்டங்களை விட்டுத் தமிழ்க் குடும்பங்கள் வெளியேறிவிட்ட நிலையில், இவ்வறிவு முதியோரிடமே எஞ்சியுள்ளது. வடஇந்தியாவில் வல்லாரை, நீர்ப்பிரமி இரண்டையுமே ‘பிராமி’ என்பர். பெயர் மாறினால் மருந்தே மாறிவிடும். எனவே, மாணவ நண்பர்களே, இவ்விடுமுறையில் வீட்டுப் பெரியவர்களிடம் மூலிகையின் பெயர், பயன்படுத்திய பாகம், பயன்படுத்தக்கூடாத வேளை ஆகியவற்றைக் கேட்டு, தாவரவியல் பெயருடன் எழுதி வையுங்கள். வல்லாரையிலிருந்தே தொடங்கலாம், அதன் தாவரவியல் பெயர் சென்டெல்லா ஏசியாட்டிகா.