தெருச் சுவருக்குப் பணம்: யாரிடம் கேட்பது?

வரையச் சுவர் இருக்கிறது, கையும் இருக்கிறது, காசுதான் இல்லை என்பவர்கள் முதலில் தொகையைப் பார்க்கிறார்கள். பணம் யார் பெயரில் வந்து இறங்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இணையத்தில் தேடினால் ஆஸம் ஃபவுண்டேஷன் கண்ணில் படும். 2009-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் தொடங்கியது. பத்துப் பேர் மாதம் ஆளுக்கு 100 டாலர் போட்டு, தங்களுக்குப் பிடித்த ஒரு யோசனைக்கு 1,000 டாலர் கொடுப்பார்கள். நம்மூர்ச் சீட்டு மாதிரிதான், ஏலம் மட்டும் கிடையாது. விண்ணப்பம் சின்னது, நிபந்தனையும் இல்லை. ஆனால் டாலர் என்றதும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் குறுக்கே வரும். கலை, சமூகப் பணிக்கென்று வாங்குபவருக்கு மத்திய உள்துறையின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுள்ள தொண்டு நிறுவனம் வாங்கி உங்களிடம் கைமாற்றிவிடும் வழியையும் 2020-இல் வந்த திருத்தம் அடைத்துவிட்டது. அந்த நிறுவனமே முன்னின்று நடத்தினால்தான் உண்டு. ஒற்றைச் சுவருக்காக இந்தப் பாடு வேண்டாம் என்பேன்.

பெங்களூரின் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் வேறு ரகம். 1995 முதல் நிதி கொடுத்துவருகிறது. தனிக் கலைஞரே கேட்கலாம், அதுவும் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். இங்கிலீஷ் தெரியாததால் ஒதுங்கி நிற்கும் கூத்துக்காரருக்கும் பொம்மலாட்டக்காரருக்கும் இது பெரிய விஷயம். ஆனால் ‘சுவரை அழகாக்கப் போகிறோம்’ என்று எழுதினால் எடுபடாது. உதாரணமாக, அந்தத் தெருவில் தறி ஓட்டியவர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு, அவர்களோடு உட்கார்ந்து வரைவதென்றால் எழுதிப் பார்க்கலாம். அவசர வேலைக்கு இது உதவாது.

கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணத்தை எதற்கெல்லாம் செலவிடலாம் என்று 2013 கம்பெனிகள் சட்டம் தரும் பட்டியலில் கலையும் பண்பாடும் இடம்பெற்றிருக்கின்றன. ஆனால் வெளியாள் மூலம் செலவழிப்பதென்றால் பதிவு பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும். இளைஞர் மன்றத்தின் லெட்டர்பேடு போதாது. சென்னை கண்ணகி நகரில் 2020-இல் அடுக்குமாடிச் சுவர்களில் ஓவியங்கள் எழுந்தன என்றால், தெருக்கலை அமைப்பான ஸ்டார்ட் இந்தியா, ஏஷியன் பெயின்ட்ஸ், மாநகராட்சி மூன்றும் கைகோத்ததால்தான். அது வேறு அளவு.

ஒரே ஒரு சுவர்தானா? ஊரிலேயே வசூலியுங்கள். பெயின்ட் கடைக்காரரிடம் பணமாகக் கேட்காமல் டின்னாகக் கேளுங்கள். சுலபமாகக் கை நீளும். பட்ஜெட் போடும்போது வண்ணத்தை மட்டும் எழுதிவிடாதீர்கள். சாரக் கட்டு வாடகை, சுரண்டிப் பட்டி பார்க்கும் கூலி, பிரைமர் எல்லாம் சேர வேண்டும். ஓதம் ஏறி உப்புப் பூத்த சுவர் என்றால் முதலில் பூச்சைச் சரிசெய்யுங்கள்; இல்லாவிட்டால் ஒரு ஐப்பசி மழைக்கே உரியும். ஓவியரின் கூலியையும் எழுதுங்கள். அந்த இடத்தில் பூஜ்யம் போட்டிருந்தால், கொடுப்பவருக்கு உங்கள் கணக்கின் மேலேயே சந்தேகம் வரும்.

யாரிடம் கேட்டாலும் சுவருக்கு உரியவரின் அனுமதியைக் கையெழுத்தோடு முதலில் வாங்கிவிடுங்கள். அரசுப் பள்ளி என்றால் தலைமை ஆசிரியரின் வாய்வார்த்தையை நம்பி இறங்க வேண்டாம். அவர் மாற்றலாகிப் போகலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடச் சொல்லுங்கள்.