மோட்டார் சைக்கிள் வால்வு இடைவெளியும் மூடி ஸீல்களும்

விடியற்காலையில் பாற்கேன்களைச் சங்கத்திற்குக் கொண்டு சேர்ப்பதும், பறித்த காய்கறிகளைச் சந்தைக்கு ஏற்றுவதும், உர மூட்டையை வயல் வரப்புவரை கொண்டுபோவதும் முன்னாளில் வண்டிமாடுகளின் வேலையாக இருந்தன. இவ்வேலைகளில் பெரும் பகுதியை இப்பொழுது சிறிய மோட்டார் சைக்கிள் ஏற்றுக்கொண்டிருக்கிறது. கிராம உத்தியோகஸ்தர்கள் புல எண் பார்த்துப் பயிர் அடங்கல் எழுதச் செல்வதும் பெரும்பாலும் இவ்வண்டியிலேயாம். ஆகவே அறுவடைக் காலத்தில் இவ்வண்டி நான்கு நாள் பழுதுபார்க்கும் கடையில் நின்றுவிட்டால் உண்டாகும் நஷ்டம் பழுதுக் கூலியோடு முடிவதில்லை. அத்தகைய பெரும் பழுதுகளுள் ஒன்றாகிய வால்வு எரிந்துபோதலை, காலையில் அரைமணி நேர வேலையால் தடுத்துக்கொள்ளலாம். அதன் விவரம் இங்கே கூறப்படுகிறது.

வால்வின் தொழில்

நான்கு வீச்சு யந்திரத்தின் ஸிலிண்டர் தலையில் குறைந்தது இரண்டு வால்வுகள் உண்டு. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உள்ளே விடுவது உள்வால்வு. எரிந்த புகையை வெளியே விடுவது வெளிவால்வு. காம் என்னும் மேடுள்ள தண்டு சுழன்று, ராக்கர் என்னும் நெம்புகோலை அசைக்க, அது வால்வின் காம்பை அழுத்தித் திறக்கிறது. ஸ்பிரிங் அதனைத் திரும்ப மூடுகிறது. யந்திரம் நிமிஷத்திற்கு 5,000 சுற்றுச் சுற்றும்பொழுது ஒவ்வொரு வால்வும் 2,500 தடவை திறந்து மூடும். ஒரு மணி நேர ஓட்டத்தில் இது 1,50,000 தடவை ஆகும். இவ்வளவு ஓயாத வேலையில் சிறிது தேய்மானம் ஏற்படுவது இயல்பே.

வால்வு மூடியிருக்கும் சமயத்தில் அதன் காம்பு நுனிக்கும் ராக்கர் திருகுக்கும் நடுவே மிகச் சிறு வெளி இருத்தல் வேண்டும். இதனையே வால்வு இடைவெளி அல்லது டாப்பெட் இடைவெளி என்பர். உஷ்ணத்தால் உலோகம் நீளுகிறது. குளிர்ந்த நிலையில் இடைவெளி இல்லாதிருப்பின், சூடேறி நீண்ட காம்பு ராக்கரில் முட்டிக்கொண்டு, வால்வு தன் பீடத்தில் முழுதும் அமராமல் நிற்கும். 100 ஸி.ஸி. வகைச் சிறு வண்டிகளில் இவ்விடைவெளி சாதாரணமாக 0.05 முதல் 0.10 மில்லிமீட்டர்வரை இருக்கும். அதாவது அங்குலத்தை ஆயிரம் பாகம் செய்தால் ஏறக்குறைய இரண்டு முதல் நான்கு பாகம். தலைமயிர் ஒன்றின் கனமும் ஏறத்தாழ இவ்வளவே. வண்டிக்கு வண்டி அளவு வேறுபடுவதால், அந்தந்த வண்டியின் கையேட்டில் குறித்த அளவையே கொள்ளவேண்டும்.

சத்தமிடும் வால்வும் சத்தமற்ற வால்வும்

இவ்விஷயத்தில் விவசாயிகள் முக்கியமாக அறிய வேண்டியது ஒன்று உண்டு. இடைவெளி அதிகமானால் யந்திரத்தின் தலையில் ‘டக் டக்’ என்ற ஓசை கேட்கும். இடைவெளி குறைந்தாலோ ஓசை சிறிதும் கேளாது. வண்டி முன்னிலும் அமைதியாகவே ஓடும். ஆனால் இவ்விரண்டில் அதிகக் கேடு செய்வது சத்தமற்ற குற்றமே.

ராக்கர், காம், திருகு நுனி ஆகியவை தேய்ந்தால் இடைவெளி அகலும். அதனால் வால்வு தாமதமாகத் திறந்து முன்னதாக மூடும். சக்தி சிறிது குறையும். உறுப்புகள் ஒன்றை ஒன்று தட்டி மேலும் தேயும். ஆனால் ஓசை எச்சரிக்கை தருவதால் உடையவர் கவனித்துவிடுகிறார். இதற்கு மாறாக, வால்வின் முகமும் அது அமரும் பீடமும் தேய்ந்தால், வால்வு சிறிது சிறிதாக உள்ளே பதிந்து, காம்பு நுனி ராக்கரை நெருங்கி, இடைவெளி சுருங்கும். வெளிவால்வு தான் ஏற்கும் உஷ்ணத்தின் பெரும்பகுதியைப் பீடத்தைத் தொட்டிருக்கும் நேரத்தில்தான் வெளியேற்றுகிறது. பீடத்தில் அமரமுடியாத வால்வுக்கு அவ்வழி அடைபடுகிறது. அதன்மேல், அந்தச் சிறு சந்தின் வழியே எரியும் வாயு பீறிட்டுச் சென்று வால்வின் விளிம்பை அரித்துவிடும். பிறகு ஸிலிண்டர் தலையைக் கழற்றி, வால்வை மாற்றி, பீடத்தை அரைத்துப் பொருத்துவதைத் தவிர வேறு வழி இல்லை.

ஆகையால், ஓசை பிடிக்காமல், ‘டாப்பெட்டை இறுக்கிச் சத்தத்தை நிறுத்திவிடுக’ என்று பழுதுபார்ப்பவரிடம் கேட்பது பெருந்தவறு. நோயுற்ற மாடு கதறினால் வைத்தியம் நடக்கும். கதறாமல் படுத்திருப்பதைச் சுகம் என்று எண்ணினால் மாடு போய்விடும். சிறு தட்டொலியைவிட, அளந்து பாராத அமைதியே அஞ்சத்தக்கது.

இடைவெளி சுருங்கியதற்கு வேறு அடையாளங்கள் உண்டு. கிக்கரை மிதிக்கையில் காலுக்குத் தெரியும் எதிர்ப்புக் குறைதல், காலையில் பல தடவை மிதித்தே யந்திரம் ஓடத் தொடங்குதல், சூடேறியபின் மெது ஓட்டத்தில் நின்றுபோதல், மேட்டில் சக்தி தளர்தல் ஆகியவை அவையாம். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தாலும் இவற்றுட் சில தோன்றும். ஆயினும் யந்திரத்தைப் பிரித்துச் செலவு செய்யுமுன், செலவில்லாத இடைவெளிச் சோதனையை முதலிற் செய்தல் சிலாக்கியம்.

எப்பொழுது சோதிப்பது

பல சிறு வண்டிகளுக்கு 3,000 முதல் 6,000 கிலோமீட்டருக்குள் ஒருதரம் சோதிப்பது வழக்கம். கையேட்டில் குறித்த தூரத்தை மிஞ்சலாகாது. பண்ணை வேலை செய்யும் வண்டிக்கு இத்தூரத்தைக் குறைத்துக்கொள்வது உசிதம். ஏனெனில், பாரத்தோடு முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் வண்டிப்பாதையில் ஊர்ந்து செல்லும் யந்திரம், நெடுஞ்சாலையில் மேல் கியரில் ஓடும் யந்திரத்தைவிட ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மிக அதிகமான சுற்றுகள் சுற்றுகிறது. உஷ்ணமும் அதிகம் ஏற்கிறது. தூரம் காட்டும் கருவி இதனைக் காட்டுவதில்லை.

சோதிக்கும் முறை

இங்கே கூறும் முறை, ஸிலிண்டர் முன்புறமாகப் படுத்திருக்கும் 100 ஸி.ஸி. வகை வண்டிகளுக்கு உரியது. வேண்டிய சாதனங்கள்: மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜ், அளவான ஸ்பானர்கள், டாப்பெட் சாவி, மண்ணெண்ணெயும் தூரிகையும், சுத்தமான துணி, புதிய ஓ-ரிங்குகள்.

1. யந்திரம் முற்றும் குளிர்ந்திருக்க வேண்டும். இரவு முழுதும் நின்ற வண்டியைக் காலையில் ஓட்டுமுன் சோதிப்பதே தக்கது. சூடான யந்திரத்தில் எடுக்கும் அளவு பொய்யளவாகும்.

2. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, மூடிகளைச் சுற்றியுள்ள சேறும் தூசியும் போகத் தூரிகையால் துலக்கித் துடைக்கவேண்டும். திறந்தபின் உள்ளே விழும் வயல்மண் எண்ணெயோடு கலந்து உறுப்புகளை அராவிவிடும். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் யந்திரத்தைக் கையால் சுற்றுவது எளிதாகும். அத்துளையைத் துணியால் மூடிவைக்க வேண்டும்.

3. ஸிலிண்டர் தலையிலுள்ள இரண்டு டாப்பெட் மூடிகளையும், இடப்பக்க மாக்னெட் கவரிலுள்ள இரண்டு சிறு மூடிகளையும் கழற்றுக. கார்புரேட்டர் பக்கம் இருப்பது உள்வால்வு. சைலன்சர் குழாய்ப் பக்கம் இருப்பது வெளிவால்வு.

4. மாக்னெட் கவரின் நடுத்துளை வழியே ஸ்பானரை வைத்து, இடப்பக்கம் நின்று பார்க்கையில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றவேண்டும். உள்வால்வு அழுந்தித் திரும்ப மேலே வந்ததும், சக்கரத்திலுள்ள ‘டி’ என்ற குறி கவரின் வெட்டுக்குறிக்கு நேராக வரும்வரை மெல்லச் சுற்றி நிறுத்துக. இதுவே இரு வால்வுகளும் மூடியிருக்கும் நிலை. ‘டி’ குறி ஒவ்வொரு சுற்றிலும் வருமாதலால், உள்வால்வின் அசைவைப் பாராமல் குறியை மாத்திரம் நம்பினால் ஏமாற நேரும். ராக்கர் கையால் ஆடுகிறதா என்று மட்டும் பார்ப்பதும் போதாது. இடைவெளி அடியோடு அற்றுப்போன வால்வில் சரியான நிலையிலும் ராக்கர் ஆடாது.

5. கையேட்டின் அளவுள்ள தகட்டைத் திருகு நுனிக்கும் வால்வுக் காம்பு நுனிக்கும் நடுவே செலுத்துக. அது இலேசான பிடிப்போடு நுழைந்து வெளிவர வேண்டும். அதற்கு அடுத்த கனமுள்ள தகடு நுழையலாகாது. இவ்விரண்டும் ஒத்திருந்தால் திருத்தம் வேண்டுவதில்லை.

6. அளவு மாறியிருந்தால், லாக் நட்டைத் தளர்த்தி, தகட்டை இடையே வைத்தபடியே டாப்பெட் சாவியால் திருகைத் திருப்பிச் சரிசெய்க. பிறகு சாவியால் திருகை அசையாது பிடித்துக்கொண்டே நட்டை இறுக்கவேண்டும். இறுக்குகையில் திருகு சிறிது நகர்வது சாதாரணம். ஆதலின் இறுக்கியபின் மறுபடியும் அளக்காமல் மூடியை வைக்கலாகாது. அநேகர் இந்தக் கடைசி அளவையே விட்டுவிடுகின்றனர்.

வார்ப்பிரும்பு ஸிலிண்டர் கொண்ட பழைய புல்லட் வண்டிகளில் முறை வேறு. அவற்றில் ஸிலிண்டரின் அடியில் வலப்பக்கத்து மூடியைத் திறந்து, தள்ளுதண்டுகளைச் சரிசெய்வர். தகடு அங்கே வேண்டியதில்லை. குளிர்ந்த நிலையில் தண்டு விரலால் தடையின்றிச் சுழலவேண்டும். மேலும் கீழுமாக ஆடலாகாது. எண்ணெய் அழுத்தத்தால் தாமே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டாப்பெட் உள்ள யந்திரங்களுக்கு இச்சோதனை இல்லை. வில்லை மாற்றிச் சரிசெய்யும் யந்திரங்களைப் பழகிய தொழிலாளியிடமே விடவேண்டும்.

மூடிகளும் ஸீல்களும்

டாப்பெட் மூடிக்குள் சூடான எண்ணெய் எந்நேரமும் தெறித்துக்கொண்டிருக்கும். அதனைத் தடுத்து நிறுத்துவது ஓ-ரிங் என்னும் சிறு ரப்பர் வளையமே. புதிய வளையம் உருண்டிருக்கும். உஷ்ணத்தில் பல மாதம் அழுந்தியபின் அது தட்டையாகி, கடினமாகி, வெடிப்புக் காணும். நகத்தால் அழுத்தினால் குழிந்து உடனே எழும்பாத வளையத்தைத் திரும்பப் போடுவது வீண். மூடியைத் திறக்கும் ஒவ்வொரு தரமும் புதியது போடுவதே நலம். அதன் விலை அற்பமே.

வளையத்தைப் பெட்ரோலில் ஊறவைக்கலாகாது; ரப்பர் ஊதிக் கெடும். அது அமரும் பள்ளத்தைத் துணியால் துடைத்து, வளையத்தின்மேல் யந்திர எண்ணெயை இலேசாகத் தடவி, முறுக்காமல் பொருத்துக. மூடியை முதலில் விரலாலேயே மரைபிடிக்கச் சுற்றி, பிறகே ஸ்பானரால் அளவாக இறுக்கவேண்டும். ஸிலிண்டர் தலை அலுமினியத்தாலானது. பலங்கொண்டு இறுக்கினால் மரை அறுந்துபோம். கசிவு கண்டவுடன் மேலும் மேலும் இறுக்குவோர், சில ரூபாய் வளையத்திற்காக ஸிலிண்டர் தலையையே கெடுத்துக்கொள்கின்றனர்.

பல திருகுகளால் இறுக்கப்படும் மூடியானால், பழைய கேஸ்கெட்டை முழுதும் நீக்கி, எதிர் எதிர்த் திருகுகளாகச் சிறிது சிறிதாக இறுக்கவேண்டும். கத்தியால் சுரண்டினால் அலுமினிய முகத்தில் கீறல் விழுந்து, அதன் வழியே எண்ணெய் ஒழுகும். ஓ-ரிங்கின்மேல் பசை தடவலாகாது. உள்ளே பிதுங்கும் பசைத்துண்டு எண்ணெய் வழியை அடைக்கக்கூடும்.

கசிவின் மூலத்தைக் காண, யந்திரத்தைத் துடைத்து உலர்த்தி, சந்தேகமுள்ள இடங்களில் முகப்பவுடரைத் தூவிப் பத்து நிமிஷம் ஓட்டுக. முதலில் நனையும் இடமே கசியும் இடம். புதிய வளையம் போட்டும் கசிவு நில்லாதாயின், மூச்சுக்குழாய் அடைபட்டிருக்கிறதா என்றும், எண்ணெய் அளவுக்கு மீறி ஊற்றப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். உள்ளழுத்தம் மிகுந்தால் நல்ல ஸீலையும் எண்ணெய் தாண்டும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது என்று அறிந்து, உடனே மாற்றுக.

மூடிக் கசிவு வெறும் அழுக்கு என்று எண்ணப்படலாகாது. இத்தகைய யந்திரம் கொள்ளும் எண்ணெய் ஏறக்குறைய ஒரு லிட்டரே. அது குறையும்பொழுது, உச்சியில் உள்ள காமும் ராக்கரும் முதலில் வருந்தும். வெளியே வழிந்த எண்ணெயில் புழுதி ஒட்டி ஸிலிண்டர் செதில்களின் நடுவே அடையாகப் படிந்தால் காற்று படாது. யந்திரம் மிகச் சூடேறும். அவ்வுஷ்ணம் வெளிவால்வையே சென்று தாக்கும். ஸீலைக் காப்பது வால்வைக் காப்பதேயாம்.

கிராமத்தில் செய்யத்தக்கது

ஃபீலர் கேஜ் ஒன்றும் டாப்பெட் சாவி ஒன்றும் ஊருக்குப் பொதுவாகக் கூட்டுறவுச் சங்கத்தில் இருப்பின், பல வண்டிகளுக்குப் பயன்படும். கிராம உத்தியோகஸ்தர்கள் இதற்கு முன்னின்று ஏற்பாடு செய்யலாம். ஒவ்வொருவரும் சோதித்த தேதி, ஓடிய தூரம், இரு வால்வுகளிலும் கண்ட அளவு ஆகியவற்றை ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிவரவேண்டும். வெளிவால்வின் இடைவெளி ஒவ்வொரு தரமும் சுருங்கிவருவதாக அக்கணக்குக் காட்டினால், அறுவடைக்கு முன்னரே பழுதுபார்த்துக்கொள்ள அவகாசம் கிடைக்கும். காது அறிவிக்காததை அக்குறிப்பு அறிவிக்கும். கழித்த எண்ணெயையும் எண்ணெய்த் துணிகளையும் வாய்க்காலிலோ வயலிலோ போடாமல் டப்பாவில் சேர்த்துப் பழுதுபார்க்கும் கடையில் ஒப்படைத்தல் வேண்டும்.